இந்துவானால் சாதி: திறந்து மூடும் ஒரு கட்டத்தின் 130 வருடக் கதை

இணையத்தில் ஏதாவது ஒரு விண்ணப்பம் நிரப்பியிருப்பீங்க. 'திருமணமானவரா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று தட்டினால் கீழே புதுசா ஒரு கட்டம் முளைக்கும்: 'துணைவர் பெயர்'. 'இல்லை' என்று மாற்றினால் அந்தக் கட்டம் இருந்த சுவடே தெரியாது. எங்கள் தொழிலில் இதைக் கண்டிஷனல் ஃபீல்டு என்போம். தமிழில் நிபந்தனைக் கட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதுவது சுலபம். ஒரு 'இஃப்', ஒரு 'எல்ஸ்'. காலேஜ் முடித்து வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் வாரத்திலேயே கொடுக்கிற வேலை.

இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். லீவு நாட்களில் பழைய சென்சஸ் அறிக்கைகளைப் புரட்டுவது என் பழக்கம். அப்படிப் புரட்டும்போது தெரிந்துகொண்ட விஷயம், நிபந்தனைக் கட்டம் கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளை இல்லை என்பது. காகிதப் படிவத்திலேயே அது இருந்தது. இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் பத்து வருடத்துக்கு ஒருமுறை அது வந்து போயிருக்கிறது. கட்டத்தைத் திறக்கிற அந்த 'இஃப்' வரியை யார் எழுதினார்கள், எப்போது மாற்றினார்கள், அதனால் யார் எண்ணிக்கைக்குள் வந்தார்கள், யார் விடுபட்டார்கள் என்று தேடிப் போனால் அது தொழில்நுட்பக் கதையாக நிற்பதில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

ஒரே கட்டம், இரண்டு கேள்வி

பிரிட்டிஷ் இந்தியா முழுக்க ஒரே நேரத்தில் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1881 பிப்ரவரி 17-ல் நடந்தது. அந்தப் படிவத்தில் மதத்துக்கு ஒரு பத்தி உண்டு. அதோடு இன்னொரு பத்தி. அதன் தலைப்பை இப்படிச் சொல்லலாம்: இந்துவானால் சாதி, வேறு மதமானால் அதன் பிரிவு.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பு வரும். அச்சு அசல் 'இஃப் - எல்ஸ்'. ஒரே கட்டம், மேலே எழுதிய விடையைப் பொறுத்து அதன் பொருள் மாறும். ஒருவர் வரியில் அங்கே சாதிப் பெயர் இருக்கும். அடுத்தவர் வரியில், அதே இடத்தில், 'ரோமன் கத்தோலிக்கர்' என்றோ 'சன்னி' என்றோ இருக்கும். இப்போது யாராவது டேட்டாபேஸை இப்படி வடிவமைத்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனால் அன்றைக்கு அந்தத் தலைப்பை எழுதியவர்கள் வடிவமைப்பைப் பற்றி யோசிக்கவில்லை. சாதி என்பது இந்துக்களின் விஷயம், மற்ற மதங்களில் இருப்பது பிரிவுகள் என்ற ஒரு முடிவை எடுத்துவிட்டு, அதற்கேற்ற கட்டத்தைப் போட்டார்கள். தெற்கே கிறித்தவர்களுக்குள்ளும் சாதி இருப்பது பாதிரிமார்களுக்கு நன்றாகத் தெரியும். சர்ச்சில் யார் எங்கே உட்காருவது என்று அதற்கு முன்பே பெரிய சண்டைகள் நடந்திருந்தன. கட்டத்தின் தலைப்புக்கு அது தெரியவில்லை.

1901-ல் நிபந்தனை மாறியது. இந்து, சமணர் என்றால் சாதி. மற்றவர்கள் என்றால் பழங்குடி அல்லது இனம். அதே வருடம் இன்னொரு சுவாரசியமான ஏற்பாடும் வந்தது. ஜெர்மனியின் பவேரியாவில் வழக்கத்தில் இருந்த சீட்டு முறை. கணக்கெடுப்புப் புத்தகத்தில் உள்ளதை ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் பெயர்த்து எழுதி, சீட்டுகளைப் பிரித்து அடுக்கி எண்ணுவார்கள். எழுதும் வேலையைக் குறைக்க, மதத்துக்கு ஒரு நிறம் என்று சீட்டுக் காகிதத்தின் நிறத்தை வைத்தே மதத்தைக் காட்டினார்கள். ஆணா பெண்ணா, மணமானவரா விதவையா என்பதற்கெல்லாம் சீட்டில் அச்சிட்ட குறிகள். அதாவது, மதம் என்ன என்பது சீட்டைக் கையில் எடுக்கும்போதே முடிவாகிவிடும். பிறகுதான் மற்ற விவரங்கள். மதம் முதலில், மற்றதெல்லாம் அதன் கீழ். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நிபந்தனை எங்கே குடியிருந்தது?

காகிதத்தில் கட்டம் முளைக்காது, மறையாது. எல்லாக் கட்டமும் எல்லோருக்கும் அச்சிடப்பட்டிருக்கும். அப்படியானால் நிபந்தனை எங்கே இருந்தது?

மூன்று இடத்தில். முதலாவது, கட்டத்தின் தலைப்பிலேயே. 1881-ல் பார்த்தோமே, அது மாதிரி. இரண்டாவது, கணக்கெடுப்பாளருக்குக் கொடுக்கும் விதிமுறைக் கையேட்டில். மூன்றாவது, கணக்கெடுப்பாளரின் தலைக்குள். சென்னை மாகாணத்தில் அந்த வேலை பெரும்பாலும் கிராமக் கர்ணத்தின் தலையில் விழுந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பள்ளி ஆசிரியர்களிடம் வந்தது. 'இந்த அம்மாகிட்ட இதைக் கேட்க வேண்டாம்' என்று அவர் நினைத்தால் அங்கே ஒரு கோடு விழும்.

மூன்றாவது இடம்தான் ஆபத்தானது. அதற்கு ஒரு நல்ல உதாரணம் பெண்களின் வேலை.

1881 படிவத்தில் தொழில் பற்றிய கேள்வி ஆண்களுக்கு. கூடவே, வேலை செய்யும் சிறுவர்களுக்கும் பெண்களுக்கும். ஆண் என்றால் கேள். பெண் என்றால், வேலை செய்தால் கேள். அந்த 'செய்தால்' என்பதைத் தீர்மானிப்பது யார்? பதில் சொல்லும் ஆம்பளையும் எழுதுகிற ஆம்பளையும்.

தொண்ணூறு வருடம் கழித்து இது பெரிய அளவில் வெடித்தது. 1961-ல் இந்தியாவில் உழைக்கும் பெண்கள் ஏறத்தாழ 5.94 கோடி என்று கணக்கு. 1971-ல் அது 3.13 கோடி. மக்கள்தொகை ஏறியிருக்கிறது, உழைக்கும் பெண்கள் மட்டும் கிட்டத்தட்ட 2.8 கோடி குறைந்திருக்கிறார்கள்! காட்டிலும் தறியிலும் வேலை செய்த பெண்கள் ஒரே மூச்சில் எங்கே போனார்கள்?

எங்கேயும் போகவில்லை. கேள்வியின் வரிசை மாறியது. 1961-ல் பருவகால வேலையாக இருந்தால், பருவத்தின் பெரும்பகுதியில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தாலே உழைப்பாளி. 1971-ல் முதல் கேள்வி 'உங்கள் முக்கியமான வேலை என்ன?' காலையில் பூப் பறித்து, மத்தியானம் கடலை பிடுங்கி, ராத்திரி சோறாக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும்? 'வீட்டுல இருக்கா.' முடிந்தது. உழைக்காதவர் பட்டியலில் போய்விட்டார். மற்ற வேலை உண்டா என்று தனியாக ஒரு கேள்வி இருந்தது. ஆனால் முக்கிய எண்ணிக்கை முதல் கேள்வியிலேயே முடிந்துவிட்டது.

1981-ல் இதைத் திருத்தினார்கள். முதல் கேள்வி 'போன வருடத்தில் எப்போதாவது வேலை செய்தீர்களா?' என்று ஆனது. ஆம் என்றால் அடுத்தது: வருடத்தின் பெரும்பகுதியா, கொஞ்ச காலமா? அதற்கேற்ப முதன்மை உழைப்பாளர், குறு உழைப்பாளர். நிபந்தனையை மேலிருந்து கீழே இறக்கியதும், மறைந்திருந்த பெண்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். எங்கள் பக்கம் சின்னாளபட்டிச் சுங்குடிக்கு வீட்டில் உட்கார்ந்து முடிச்சுப் போடும் பெண்களை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

பிள்ளைப்பேறு பற்றிய கேள்விகளிலும் இதே கதை. 1971-ல் 'தற்போது கணவருடன் மண வாழ்க்கையில் உள்ள பெண்களுக்கு மட்டும்' என்று போட்டுக் கேட்டார்கள். விதவைக்கு அந்தக் கட்டம் இல்லை. 1981-ல் மாதிரிக் கணக்கெடுப்பில், ஒருமுறையாவது மணமான எல்லாப் பெண்களுக்கும் என்று விரிந்தது. 2011 படிவத்தில் 27, 28-ஆம் கேள்விகள் விதவை, மணவிலக்கானவர், பிரிந்து வாழ்பவர் உட்பட மணமான பெண்கள் எல்லோருக்கும். 'கடந்த ஒரு வருடத்தில் பிறந்த குழந்தை' என்ற 29-ஆம் கேள்வி மட்டும் தற்போது மண வாழ்க்கையில் உள்ளவருக்கு. அந்த வருடத்தில் குழந்தை பெற்று, அதே வருடத்தில் கணவரை இழந்த பெண்ணுக்கு அந்தக் கட்டம் திறக்காது. குழந்தை பிறந்தது உண்மை. கட்டம்தான் மூடியிருக்கிறது.

ஒரு 'இஃப்' வரி மாறிய நான்கு வருடங்கள்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன்.

சாதியை முழுதாக எடுத்து அட்டவணையிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931. சுதந்திரத்துக்குப் பிறகு, 1951 முதல், பட்டியல் சாதியா பட்டியல் பழங்குடியா என்பதை மட்டும் கேட்டார்கள். இந்தக் கட்டம் யாருக்குத் திறக்கும் என்பதைச் சென்சஸ் அலுவலகம் முடிவு செய்யவில்லை. அது வேறு இடத்தில் எழுதப்பட்ட நிபந்தனை. அதன் வரலாறு, ஒரு புரோகிராமின் பழைய வடிவங்களை வரிசையாகத் திறந்து பார்ப்பது மாதிரி இருக்கும்.

1936: பட்டியல் சாதிகள் பற்றிய பிரிட்டிஷ் அரசின் ஆணை. இந்தியக் கிறித்தவர் யாரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. வங்காளத்தில் பௌத்தரும் பழங்குடி மதத்தினரும் விலக்கு. அதாவது இது விலக்குப் பட்டியல்: இன்னின்னார் இல்லை, மற்றவர் உண்டு.

1950 ஆகஸ்ட் 10: குடியரசுத் தலைவரின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. பஞ்சாப் பக்கம் நான்கு சீக்கியச் சாதிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. இப்போது இது அனுமதிப் பட்டியலாக மாறிவிட்டது: இன்னார் மட்டும் உண்டு, மற்றவர் எல்லாம் இல்லை. எங்கள் தொழிலில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லித்தான் ஒருவரை வெளியே நிறுத்த முடியும். அனுமதிப் பட்டியலில் யாரையும் பெயர் சொல்லவே வேண்டாம். சொல்லாமலே எல்லோரும் வெளியே.

1956: சீக்கியர்கள் எல்லோரும் சேர்க்கப்பட்டார்கள்.

1990: பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த வரிதான் 2001, 2011 கணக்கெடுப்புகளில் விதியாக வந்தது: பட்டியல் சாதியினர் இந்து, சீக்கிய, பௌத்த மதங்களில் மட்டுமே இருக்க முடியும், பட்டியல் பழங்குடியினர் எந்த மதத்திலும் இருக்கலாம். 2011 படிவத்தில் ஏழாவது கேள்வி மதம். இந்து 1, முஸ்லிம் 2, கிறித்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, சமணர் 6. எட்டாவது கேள்வி பட்டியல் சாதி 1, பழங்குடி 2, இரண்டும் இல்லை 3. ஏழில் 1, 4, 5 என்று விழுந்தால்தான் எட்டில் '1' போடலாம். மதம் முதலில், மற்றது அதன் கீழ். 1901-ன் நிறச் சீட்டு ஞாபகம் இருக்கிறதா?

மாறியது எது: மனிதரா, வரியா?

ஒரு 'இஃப்' வரி எண்ணிக்கையை என்ன செய்யும் என்பதற்கு மகாராஷ்டிரம் சாட்சி. 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் அம்பேத்கரும் லட்சக்கணக்கானோரும் பௌத்தம் தழுவினார்கள். அந்த நாளிலிருந்து, மத்திய ஆணையின்படி, அவர்களுக்கு அந்தக் கட்டம் மூடிவிட்டது. 'பௌத்தர்' என்று உண்மையைச் சொன்னால் பட்டியல் சாதி இல்லை. 1981 கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தின் பட்டியல் சாதியினர் சுமார் 7.1 சதவீதம். 1990-ல் வரி மாறியது. 1991-ல் அதே மாநிலத்தில் சுமார் 11.1 சதவீதம்.

பத்து வருடத்தில் பிறப்பு விகிதத்தால் இப்படி ஏறாது. பெரும்பாலும் அதே சேரி, அதே குடும்பங்கள். சட்டத்தில் ஒரு சொல் சேர்ந்தது, கட்டம் திறந்தது, மக்கள் எண்ணிக்கைக்குள் வந்தார்கள்.

பங்க் கடைக்கு ஒரு நிபந்தனை

தமிழ்நாட்டில் இந்த வரி நீதிமன்றத்துக்குப் போன கதையில் வருபவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. சென்னையில் சாலையோரம் தொழில் செய்தவர். பெயர் சூசை. ஆதிதிராவிடர், கிறித்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாக பங்க் ஒதுக்கும் அரசுத் திட்டம் வந்தபோது, பட்டியல் சாதி இந்துக்களுக்குக் கிடைத்தது. அதே ரோட்டில் அதே ஊசியோடு உட்கார்ந்திருந்த அவருக்குக் கிடைக்கவில்லை. 1950 ஆணையின் மூன்றாவது பத்தி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் போனார். 1985-ல் தீர்ப்பு வந்தது. வழக்கு தள்ளுபடி.

தீர்ப்பில் கவனிக்க வேண்டியது அதன் காரணம். சாதி மதமாற்றத்துக்குப் பிறகும் தொடர்ந்தால் மட்டும் போதாது. அதனால் வரும் சமூக, பொருளாதாரக் குறைபாடுகள் கிறித்தவ சமூகத்துக்குள்ளும் அதே தீவிரத்தோடு இருக்கின்றன என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டும் அதிகாரபூர்வமான, விரிவான ஆய்வு எதுவும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். தரவு கொண்டு வா என்கிறது நீதிமன்றம். நாட்டின் மிகப் பெரிய தரவுத் தொகுப்பு சென்சஸ். அந்தச் சென்சஸ் படிவத்தில், கிறித்தவர் என்று சொன்னதும் அந்தக் கட்டம் மூடிக்கொள்ளும். எதை நிரூபிக்கத் தரவு வேண்டுமோ, அந்தத் தரவைச் சேகரிக்கும் கட்டத்தை மூடுவதே அந்த விதிதான். கயிறு தன் வாலையே பிடித்துச் சுற்றுகிற கதை.

திண்டுக்கல் வட்டாரத்துக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வடமதுரைப் பக்கம் ஒரே தெரு. அண்ணன் தம்பி இருவர். இருவரும் ஒரே நூற்பாலையில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். அண்ணன் இந்து, தம்பி கிறித்தவர். கணக்கெடுப்பாளர் வருகிறார். அண்ணன் வரியில் எட்டாவது கட்டத்தில் 1. பக்கத்தில் சாதிப் பெயர். தம்பி வரியில் 3. பெயர் எழுதும் இடம் காலி. ஊரில் இருவரையும் கூப்பிடுகிற விதத்தில் வித்தியாசம் இருக்குமா? மதம் மாறினால் சாதி கழன்றுவிடும் என்றால், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் எழும்பியிருக்கக் கூடாது. திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனது 2003-ல்தான். அதுவரை இந்த வட்டாரம் திருச்சி மறைமாவட்டத்தில்தான் இருந்தது.

தமிழ்நாடு அரசு, கிறித்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. 2023 ஏப்ரல் 19-ல் அவர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி தர வேண்டும் என்று சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. மத்தியில் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் அந்த மூன்றாவது பத்தியையே நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்தது.

எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும். தீண்டாமை இந்து சமூக அமைப்பில் விளைந்தது, அதற்கான பரிகாரமும் அங்கேதான் என்பது ஒரு வாதம். உள்ள இடங்களைப் புதிதாக வருபவர்களோடு பங்கிட வேண்டுமே என்ற கவலை பட்டியல் சாதி இந்துக்களுக்கு இருக்கிறது. அது நியாயமற்ற கவலை என்று சொல்லிவிட முடியாது. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறித்தவ வழிபாட்டைத் தொடர்ந்துகொண்டே வேலைக்காக இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்பது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒதுக்கீடு யாருக்கு என்பது பெரிய கேள்வி. அதற்கு இந்தப் பக்கத்தில் தீர்ப்பு எழுத நான் ஆளில்லை. என் கவலை அதற்கு முந்தைய கேள்வி: ஒதுக்கீடு தருகிறோமோ இல்லையோ, எண்ணவாவது செய்கிறோமா?

'இல்லை'யும் 'கேட்கவில்லை'யும் ஒன்றா?

அந்தத் தம்பியின் வரியைத் திரும்பப் பாருங்கள். அவருக்கு 3 விழுந்தது. 3 என்றால் 'இரண்டும் இல்லை'. அதே தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் மேல்சாதி இந்துவுக்கும் 3-தான். இருவரும் ஒரே எண்ணில் கலந்துவிட்டார்கள். ஒருவருக்கு அது உண்மையான 'இல்லை'. இன்னொருவருக்கு அது 'விதிப்படி ஆகாது'. பின்னால் வரும் எந்த ஆய்வாளராலும், எந்தக் கம்ப்யூட்டராலும் இவர்களைப் பிரித்தெடுக்க முடியாது.

டேட்டாபேஸ் கற்றுக்கொள்ளும் எல்லோருக்கும் இந்தப் பாடம் உண்டு. பூஜ்யம் வேறு, காலி வேறு. காலியிலும் இரண்டு வகை: கேட்டும் பதில் வரவில்லை, கேட்கவே இல்லை. இந்த மூன்றையும் ஒரே எண்ணில் போட்டால் தரவு கெட்டுப்போகும். நமது சென்சஸ் எட்டாவது கட்டத்தில் நடந்தது அதுதான்.

அந்த 'இஃப்' இல்லாமல் கேட்டால் என்ன ஆகும்? அதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனத்தின் வீட்டு ஆய்வுகளில் சமூகப் பிரிவு என்ற கேள்வி, பதில் சொல்பவர் சொன்னபடி பதிவாகும். மதத்தைக் காட்டிக் கட்டம் மூடாது. 2004-05 ஆய்வில் கிறித்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் தங்களைப் பட்டியல் சாதி என்று சொன்னார்கள். சட்டப்படி அப்படி ஒருவர்கூட இருக்க முடியாது! சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே 2008-ல் தேசிய சிறுபான்மையினர் ஆணையத்துக்காகத் தலித் கிறித்தவர்கள், தலித் முஸ்லிம்கள் பற்றி எழுதிய அறிக்கைக்கு இந்தத் தரவுதான் கை கொடுத்தது. ஒரே நாடு, இரண்டு படிவம். ஒன்றில் அவர்கள் இல்லை. இன்னொன்றில் இருக்கிறார்கள்.

காகிதத்தில் தெரிந்தது, திரையில் தெரியாது

நிபந்தனைக் கட்டமே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தேவையில்லாத கேள்வியைக் கேட்காமல் விடுவது மரியாதை. மணமாகாதவரிடம் 'எத்தனை பிள்ளைகள்' என்று கேட்டு ஏன் சங்கடப்படுத்த வேண்டும்? காகிதத்தில் 'ஆம் எனில் 14-க்குச் செல்லவும்' என்று எழுதிய இடங்களில் களப்பணியாளர்கள் தடுமாறுவது வழக்கம். கணினியில் அந்தத் தடுமாற்றம் குறையும். தேசியக் குடும்ப நல ஆய்வு 2015-16 சுற்றில் காகிதத்தை விட்டுச் சிறு மடிக்கணினிகளுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு பலன்.

ஆனால் அதே ஆய்வின் பழைய கதையையும் பாருங்கள். 1992-93 முதல் சுற்றில் மணமான பெண்களிடம் மட்டும்தான் பேசினார்கள். மணமாகாத பெண்களுக்கும் நேர்காணல் உண்டு என்று ஆனது 2005-06 மூன்றாவது சுற்றில். நடுவில் இருந்த வருடங்களில் மணமாகாத பெண்களின் ரத்தசோகை பற்றியோ அவர்கள் அனுபவித்த வன்முறை பற்றியோ அந்த ஆய்வில் பதில் கிடையாது. கேள்வியே அவர்களிடம் போகவில்லை.

மின்படிவங்களுக்கு உலகளாவிய தர அமைப்பு 2003-ல் வெளியிட்ட எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற இலக்கணம் உண்டு. இன்று கள ஆய்வுகளுக்குப் பயன்படும் பல செயலிகள் அதன் வழி வந்தவை. ஒரு கட்டம் தோன்றுவதற்கான நிபந்தனைக்கு அதில் வைத்த பெயர் 'ரெலவன்ட்'. பொருத்தமானது என்று அர்த்தம். நிபந்தனை பொய்யானால் கட்டம் மறையும்; அது மட்டுமில்லை, படிவத்தை அனுப்பும்போது அந்தக் கட்டத்தின் விவரமும் வழக்கமாகக் கழிந்துவிடும். ஒருவேளை ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தாலும் போய்ச் சேராது. 'நீ பொருத்தமில்லை' என்பதைச் சத்தமில்லாமல் சொல்லும் வழி இது.

காகிதத்துக்கும் திரைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். காகிதத்தில் தம்பியின் கண் முன்னால் எட்டாவது கட்டம் இருந்தது. அதில் 3 விழுவதை அவர் பார்த்தார். 'ஏங்க சார் எனக்கு மட்டும்?' என்று கேட்க முடிந்தது. தலித் கிறித்தவர்கள் வருடா வருடம் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிப்பதற்கு ஆதாரம், அந்த விதி எல்லோரும் படிக்கும்படி வெளியே எழுதப்பட்டிருந்தது என்பதுதான். திரையில் கட்டமே வராவிட்டால், தன்னிடம் ஒரு கேள்வி கேட்கப்படவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. வாசலில் 'உள்ளே வராதே' என்று எழுதி வைத்தால் சண்டை போடலாம். வாசலையே சுவராக்கிவிட்டால் எங்கே நின்று சண்டை போடுவது?

அடுத்த படிவம்

2025 ஏப்ரல் 30-ல், அடுத்த சென்சஸில் சாதியையும் எடுப்பதென்று மத்திய அமைச்சரவைக் குழு முடிவெடுத்தது. ஜூன் 16-ல் வந்த அறிவிக்கை, நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கெடுப்பின் நாளாகக் குறித்தது. கைபேசிச் செயலி வழியாக நடக்கும் முதல் சென்சஸ். மக்கள் தாங்களே இணையத்தில் பதிவு செய்யவும் வழி உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு சென்சஸில் முதல் முறையாக எல்லோருடைய சாதியும் கேட்கப்படும் அந்தப் படிவத்தில், யாருக்கு எது திறக்கும் என்பது இனி கையேட்டில் மட்டும் இருக்காது. எங்கோ ஒரு கம்ப்யூட்டரில், என்னைப் போல ஒருவர் எழுதும் வரியில் இருக்கும்.

அவருக்கு மூன்று விஷயம் சொல்வேன். இது அரசியல் இல்லை, தொழில் சுத்தம். ஒன்று, கட்டத்தை மறைக்காதே. மங்கலாகவாவது காட்டு, எந்த ஆணையின் எந்தப் பத்தியால் அது மூடியிருக்கிறது என்று பக்கத்தில் எழுது. இரண்டு, 'இல்லை'க்கு ஒரு எண், 'விதிப்படி கேட்கவில்லை'க்கு வேறு எண். மூன்று, நிபந்தனையைத் தேதியோடு பொதுவில் வை. நாளைக்குச் சட்டம் மாறினால், 1990-ல் மாறியது போல, எந்த எண் எதனால் ஏறியது என்று பேரப்பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும்.

கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுக்கு வரும்போது, அல்லது நீங்களே கைபேசியில் நிரப்பும்போது, மதம் என்ற கட்டத்தில் விடையைத் தட்டிவிட்டு ஒரு நொடி நில்லுங்கள். கீழே என்ன முளைத்தது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன முளைத்தது என்றும் கேட்டுப் பாருங்கள்.